எண்ணுதலும் எண்ணமும்

தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பொருள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கிடுவதும் எண்ணுதல். உள்ளத்தினுள் ஒன்றை நினைப்பதும் எண்ணுதல். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், முதல் எண்ணுதலைக் கொண்டு இரண்டாம் எண்ணுதலை அறிய முயலும் ஒரு புதிய ஆராய்ச்சித் துறையைப் பற்றியது. மக்கள் பேசுவதையும் எழுதுவதையும் கணிப்பொறியின் துணைகொண்டு கணக்கிட்டு, அவர்கள் எவ்வாறு கருத்துக் கொள்கின்றனர், அக்கருத்து எவ்வாறு பரவுகிறது என்று காண்பதே அத்துறையின் நோக்கம்.

பழங்காலத்து அரசர்கள் இரவில் மாறுவேடம் பூண்டு நகர்சோதனைக்குச் சென்ற கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திண்ணையில் இருவர் பேசுவதை இருளில் நின்று கேட்டு, தம் ஆட்சியைப் பற்றி மக்கள் கொண்ட கருத்தை அவர்கள் அறிந்தார்களாம். ஓர் இரவில் ஓர் அரசர் எத்தனை திண்ணைகளின் பேச்சைக் கேட்டிருக்க முடியும்? பத்துத் திண்ணை, மிஞ்சினால் இருபது. இன்றோ திண்ணைப் பேச்சின் பெரும்பகுதி இணையத்திலே எழுத்தாகப் பதிந்து கிடக்கிறது. கோடிக்கணக்கான திண்ணைகளின் பேச்சைக் கணிப்பொறி ஓர் இரவுக்குள் படித்துவிடும். இங்கே மூன்று கேள்விகள் எழுகின்றன. படித்ததை அக்கருவி உணர்ந்துகொள்கிறதா? உணர்ந்துகொண்டதாகவே வைத்துக்கொண்டாலும், அது மக்களின் கருத்து ஆகுமா? அவ்வாறு கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா? இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

எழுத்தை எண்ணும் வழக்கம் கணிப்பொறிக்கு முற்பட்டது. 1913 ஆம் ஆண்டில் ஆந்திரேய் மார்க்கோவ் என்னும் ரஷ்யக் கணித மேதை, புஷ்கின் இயற்றிய 'யெவ்கேனி ஒனேகின்' என்னும் காவியத்தை எடுத்துக்கொண்டு, அதன் தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துகளைத் தம் கையாலேயே எண்ணினார். அவற்றுள் உயிரெழுத்து 8,638, மெய்யெழுத்து 11,362. அவர் அத்துடன் நிற்கவில்லை. ஓர் உயிரெழுத்தை அடுத்து மற்றோர் உயிரெழுத்து வருவது நூற்றுக்குப் பதின்மூன்று முறை மட்டுமே என்றும், மெய்யெழுத்தை அடுத்து உயிரெழுத்து வருவது நூற்றுக்கு அறுபத்தாறு முறை என்றும் கண்டார். அஃதாவது, அடுத்து வரும் எழுத்து எது என்பது முன்னே நின்ற எழுத்தைச் சார்ந்தது என்பதை எண்களால் நிறுவினார். இன்று கைப்பேசியில் நாம் ஒரு சொல்லை எழுதியவுடன் அடுத்த சொல்லை அது தானே எடுத்துக் காட்டுகிறதல்லவா? அந்த வித்தைக்கு மூதாதை இந்தக் கணக்குத்தான்.

மற்றோர் எடுத்துக்காட்டு, சொற்களைப் பற்றியது. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787, 1788 ஆம் ஆண்டுகளில் 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மாடிசன், ஜான் ஜே ஆகிய மூவரே அவற்றை எழுதியவர்கள். ஆயினும் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா, மாடிசனா என்பது நெடுங்காலம் தீராத வழக்காக இருந்தது. ஃபிரடெரிக் மாஸ்டெல்லர், டேவிட் வாலஸ் என்னும் இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் கணிப்பொறியின் உதவியுடன் இந்த வழக்கை ஆராய்ந்து, 1964 ஆம் ஆண்டில் தம் முடிவை நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் அரசியல் கருத்துகளைப் பார்க்கவில்லை, பெருஞ்சொற்களையும் நம்பவில்லை. எழுதுகிறவர் தாமே கவனியாமல் வழங்கும் சின்னஞ்சிறு சொற்களை எண்ணினார்கள். 'அப்பான்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ மூன்று முறை வழங்குவார். மாடிசனோ ஐயாயிரம் சொற்களுக்கு ஒரு முறை வழங்கினால் பெரிது. இவ்வாறு பல சிறு சொற்களின் சான்றுகளைக் கூட்டிப் பார்த்தபோது, தராசுத் தட்டு மாடிசன் பக்கமே தாழ்ந்தது. நடையை மறைக்க நினைப்பவன் பெருஞ்சொற்களை மாற்றுவான். சிறு சொற்கள் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எழுதியவர் யார் என்பதைக் காண்பது ஒன்று. எழுதியதன் கருத்து யாது என்பதைக் காண்பது வேறொன்று. இரண்டாவது மிகக் கடினம். 1960-களில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஃபிலிப் ஸ்டோன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் 'ஜெனரல் இன்க்வயரர்' என்ற ஒரு முறையை அமைத்தார்கள். அதன் உள்ளே ஓர் அகராதி உண்டு. எந்தச் சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்று அதில் குறித்திருக்கும். கணிப்பொறி ஒரு கட்டுரையைச் சொல் சொல்லாகப் பிரித்து, அகராதியோடு ஒப்பிட்டு, எந்த வகைச் சொற்கள் எத்தனை என்று கணக்குச் சொல்லும். இன்றும் இணையத்துக் கருத்துரைகளைப் 'புகழ்ச்சி' என்றும் 'இகழ்ச்சி' என்றும் பிரிக்கும் எளிய முறைகள் பல இதன் வழிவந்தவையே.

இந்த முறையிடம் தமிழைக் கொடுத்துப் பாருங்கள். 'படம் நன்றாக இல்லை' என்று ஒருவர் எழுதுகிறார். அகராதியில் 'நன்றாக' என்பது நற்சொல். எனவே புகழ்ச்சிக்கு ஒரு மதிப்பெண் விழுகிறது. 'குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை' என்று மற்றொருவர் எழுதுகிறார். 'குறை' என்பதும் 'இல்லை' என்பதும் சேர்ந்து இகழ்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் ஆகின்றன. இகழ்ந்தவர் புகழ்ந்தவராகவும், புகழ்ந்தவர் இகழ்ந்தவராகவும் மாறிவிட்டனர்! அன்றியும், தமிழில் ஒரே வேர்ச்சொல் 'நல்லது' என்றும், 'நல்லதல்ல' என்றும், 'நல்லதுதானா' என்றும் ஈறு மாறி நிற்கும்போது பொருள் தலைகீழாகிவிடுகிறது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவோரும் பலர். அவர்களும் ஒரே சொல்லை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவர். எனவேதான் 2020 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட யூடியூப் கருத்துரைகளைப் பதினையாயிரத்துக்கு மேல் திரட்டி, ஒவ்வொன்றின் கருத்து யாது என்று மனிதரைக் கொண்டே குறிக்கச் செய்து வெளியிட்டார்கள்.

மனிதருக்கு மட்டும் இது எளிதா? ஒருமுறை என் வகுப்பில் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். 'மின்சாரம் வந்துவிட்டது, இனி நாட்டில் ஒரு குறையும் இல்லை' என்பது அந்த வாக்கியம். இது புகழ்ச்சியா, இகழ்ச்சியா என்று கேட்டேன். மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். முதன்முதல் மின்விளக்கு எரிந்த சிற்றூரில் ஒரு கிழவர் சொல்லியிருந்தால் அது மகிழ்ச்சி. மூன்று நாள் இருட்டில் கிடந்த தெருவில் ஓர் இளைஞன் சொல்லியிருந்தால் அது நையாண்டி. வஞ்சப் புகழ்ச்சி என்று ஓர் அணியை நீங்கள் இலக்கண வகுப்பில் படிக்கிறீர்களே, அதைத்தான் அந்த இளைஞன் தெருவிலே நின்று பேசுகிறான். சொல் ஒன்றே, சொன்னவனும் இடமும் காலமும் வேறு. எண்ணுகிற கருவி சொல்லைப் பார்க்கிறது. இடத்தையும் காலத்தையும் நாம்தான் அதற்குக் காட்ட வேண்டும்.

இக்குறையை ஓரளவு நீக்கவே பயிற்றுவிக்கும் முறை வந்தது. சில ஆயிரம் கருத்துரைகளை முதலில் மனிதர் படித்துக் குறியிடுவர். ஒன்றையே இருவர் தனித்தனியே குறியிட்டு, இருவரும் எவ்வளவு ஒத்துப் போகின்றனர் என்றும் பார்ப்பர். அக்குறிகளைக் கொண்டு கணிப்பொறி தானே விதிகளை வகுத்துக்கொள்ளும். பிறகு, அது முன்பு காணாத சில கருத்துரைகளைக் கொடுத்துச் சோதிப்பர். வீட்டுப்பாடத்தில் கொடுத்த கணக்கையே தேர்விலும் கொடுத்தால் மாணவனின் திறமை தெரியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இந்தச் சோதனையிலும் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. ஆயிரம் கருத்துரைகளில் ஐம்பது மட்டும் வசைமொழி என்று வைத்துக்கொள்வோம். 'எதுவும் வசைமொழி அன்று' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒரு கருவியைச் செய்தால், அது ஆயிரத்தில் 950 இடங்களில் சரியாகவே சொல்லும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண்! ஆயினும் ஒரு வசைமொழியைக்கூட அது பிடிக்கவில்லை. வேறொரு கருவி அறுபதை வசை என்று காட்டுகிறது; அவற்றுள் நாற்பதே மெய்யான வசை. இப்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது காட்டியவற்றுள் மெய்யானவை எத்தனை? அறுபதில் நாற்பது, மூன்றில் இரண்டு பங்கு. மெய்யானவற்றுள் அது காட்டியவை எத்தனை? ஐம்பதில் நாற்பது, ஐந்தில் நான்கு பங்கு. குற்றமற்ற இருபது பேர் பழிக்கப்பட்டார்கள்; குற்றமுள்ள பத்துப் பேர் தப்பினார்கள். 'எங்கள் கருவி நூற்றுக்கு இத்தனை சரி' என்று யாரேனும் விளம்பரம் செய்தால், இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேளுங்கள்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். கேட்டது மக்களின் கருத்து ஆகுமா? 1936 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் புகழ்பெற்ற பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விடை அனுப்பினார்கள். லாண்டன் என்பவர் நூற்றுக்கு ஐம்பத்தேழு வாக்குகள் பெற்று வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. தேர்தலில் லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். ரூஸ்வெல்ட் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வாக்குகள் பெற்று மீண்டும் பதவியேற்றார். மிகக் குறைந்த தொகையினரையே கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னவர் ஜார்ஜ் காலப்.

லட்சக்கணக்கான விடைகள் ஏன் பொய்த்தன? தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் பெயர்ப் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டன. பொருளாதார மந்தத்தால் நாடு வாடிய அந்தக் காலத்தில் அவ்விரண்டும் வசதியுள்ளோரிடமே இருந்தன. அன்றியும், ஆட்சியின்மீது சினங்கொண்டவர்களே விரைந்து விடை எழுதினார்கள். மனநிறைவுடன் இருந்தவர்கள் சீட்டை ஓரத்தில் வைத்துவிட்டார்கள். குழம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டி போதும். ஆனால் கிண்டிவிட்டு எடுக்க வேண்டும். கிண்டாமல் மேலாக எடுத்தால், ஓர் அண்டாவையே குடித்தாலும் அடியில் உள்ள உப்புத் தெரியாது.

இணையத்துக் கருத்தும் பெரும்பாலும் கிண்டாத குழம்பே. பியூ ஆராய்ச்சி மையம் என்னும் அமெரிக்க நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. அப்போது அந்நாட்டில் வயது வந்தோருள் ட்விட்டரைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு இருபத்திரண்டு பேர். அவர்களுள்ளும் மிகுதியாக எழுதிய பத்தில் ஒரு பங்கினரே, அந்நாட்டுப் பயனர் எழுதிய பதிவுகளில் பத்தில் எட்டுப் பங்கை எழுதினார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: நூறு பேருள் ஏறத்தாழ இரண்டு பேரின் குரலே சந்தையின் இரைச்சலாகக் கேட்டது. மற்றவர்கள் ஊமைகள் அல்லர். அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'நாடே கொதிக்கிறது' என்று நம் கைப்பேசி சொல்லும்போது, கொதிப்பது நாடா, நாட்டின் ஒரு மூலையா என்று நாம் கேட்க வேண்டியது இதனால்தான்.

மேலும் ஒரு பாடம். கூகிள் நிறுவனம் 2008 ஆம் ஆண்டில், மக்கள் இணையத்தில் எவற்றைத் தேடுகின்றனர் என்பதைக் கொண்டே இன்ஃப்ளூயன்சாக் காய்ச்சல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணிக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவர்களின் அறிக்கை வருமுன்பே கணிப்பு வந்துவிட்டது. உலகம் வியந்தது. 2012-13 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அது சொன்ன தொகை, மருத்துவக் கணக்கைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. 2015 ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. காய்ச்சல் குளிர்காலத்தில் வருகிறது. அமெரிக்கப் பள்ளிகளின் கூடைப்பந்துப் போட்டிகளும் குளிர்காலத்திலே நடக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குவதால், கூடைப்பந்தைத் தேடுவோரும் காய்ச்சலுக்குச் சாட்சியாகத் தோன்றிவிடுகின்றனர். இத்தகைய தொடர்புகளைக் களைய நேர்ந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் கணிப்பொறி அறியாது. ஒன்றாக நிகழ்வதையெல்லாம் அது உறவு என்றே கொள்ளும்.

இவ்வாறு சொல்வதால் இத்துறையில் பயனே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிற வழிகளால் காண இயலாத உண்மைகளையும் அது காட்டியிருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த வொசூகி, ராய், ஆரல் ஆகிய மூவர் 2018 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவியவற்றுள், மெய் அல்லது பொய் என்று சரிபார்ப்போரால் தீர்ப்பளிக்கப்பட்ட ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவற்றைப் பரப்பியவர் ஏறத்தாழ 30 லட்சம் பேர். கண்ட முடிவு இது: பிறர் எடுத்துப் பரப்பும் வாய்ப்பு, மெய்ச்செய்தியைவிடப் பொய்ச்செய்திக்கு நூற்றுக்கு எழுபது பங்கு மிகுதி. 1,500 பேரைச் சென்றடையப் பொய்க்கு ஆகும் காலத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் மெய்க்குத் தேவைப்பட்டது.

இதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள்தாம் என்று பலர் கருதினார்கள். ஆராய்ச்சியாளர் அத்தகைய கணக்குகளை நீக்கிவிட்டும் பார்த்தார்கள்; முடிவு மாறவில்லை. தானியங்கிகள் மெய்யையும் பொய்யையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பரப்பின. பொய்யை விரும்பி எடுத்துச் சென்றவர்கள் மனிதர்களே! பொய்ச்செய்தியில் புதுமை மிகுதி. அதைக் கண்டவர்களின் மறுமொழிகளில் வியப்பும் அருவருப்பும் மிகுந்திருந்தன. வியப்புற்றவன் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. இந்தக் கணக்கு யாரோ தொலைநாட்டாரைப் பற்றியது என்று நான் எண்ணவில்லை. ஒரு செய்தியைக் கண்டவுடன், படித்து முடிக்கும் முன்பே, பிறருக்கு அனுப்பத் துடிக்கும் என் விரலைப் பற்றியது என்றே எண்ணுகிறேன்.

மூன்றாம் கேள்வி உரிமையைப் பற்றியது. 2012 ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் 6,89,003 பேர் காணும் பதிவுகளில் ஒரு மாற்றம் செய்தார்கள். சிலருக்கு மகிழ்ச்சிச் சொற்கள் உள்ள பதிவுகளைக் குறைத்தார்கள். சிலருக்குத் துயரச் சொற்கள் உள்ளவற்றைக் குறைத்தார்கள். பின்பு அவர்கள் எழுதிய சொற்களை எண்ணினார்கள். மகிழ்ச்சி குறைந்தவற்றைக் கண்டவர்கள் தாமும் சற்றே மகிழ்ச்சி குறைந்த சொற்களை எழுதினார்கள். வேறுபாடு மிகமிகச் சிறியது. ஆனால் 2014 ஆம் ஆண்டில் இது வெளிவந்தபோது எழுந்த கண்டனம் பெரியது. தாம் ஒரு சோதனைக்கு உட்பட்டிருப்பதை அவர்களுள் எவரும் அறியார். அவர்களிடம் தனியே இசைவு கேட்கப்படவில்லை. நகர்சோதனைக்கு வந்த அரசர் திண்ணைப் பேச்சைக் கேட்டார். இங்கோ கேட்கவந்தவர் பேச்சையே மாற்றிப் பார்த்தார்.

எண்ணும் கலை ஆள்வோரின் கையிலும் இருக்கலாம்; ஆள்வோரை ஆராய்வோரின் கையிலும் இருக்கலாம். கேரி கிங், ஜெனிபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் ஆகிய மூவர் சீனாவில் ஏறத்தாழ 1,400 சமூக ஊடகத் தளங்களில் வெளிவந்த பதிவுகளை, தணிக்கையாளர் நீக்குமுன்பே திரட்டி வைத்துக்கொண்டார்கள். பிறகு மீண்டும் சென்று, எவை நிற்கின்றன, எவை மறைந்தன என்று பார்த்தார்கள். அரசைக் கடுமையாகப் பழித்த பதிவுகள் பல நிற்கவே செய்தன. மக்களை ஒன்றுகூட்டிச் செயலில் இறக்கக்கூடிய பதிவுகளே, புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், மிகுதியாக மறைந்தன. 2013 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, தணிக்கை செய்வோர் எதை அஞ்சினர் என்பதை எண்களாலேயே காட்டிவிட்டது.

ஆனால் இத்தகைய ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருள், இணைய நிறுவனங்களின் பெட்டகத்தில் இருக்கிறது. 2023 ஆம் ஆண்டில் ட்விட்டர் நிறுவனம் ஆராய்ச்சியாளருக்கு இலவசமாகத் திறந்திருந்த வாயிலை அடைத்தது. ஃபேஸ்புக்கில் எவை பரவுகின்றன என்று காண உதவிய 'கிரவுட் டாங்கிள்' என்னும் கருவியை அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. மக்கள் பேசிய பேச்சு. அதை எண்ணிப் பார்க்கும் திறவுகோலோ சிலர் இடுப்பில் மட்டும்! ஒரு சமுதாயம் தன் பேச்சைத் தானே ஆராய இயலாமற்போவது நல்லதா என்பதை, நாளை சட்டம் இயற்றப்போகிற நீங்கள்தாம் சிந்திக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, இந்தத் துறையில் இறங்கப் பெரிய இயந்திரம் வேண்டுமென்பதில்லை. ஒரு நாளிதழில் வரும் வாசகர் கடிதங்களை ஒரு மாதம் திரட்டுங்கள். எதைப் புகழ்ச்சி என்பது, எதை இகழ்ச்சி என்பது என்று விதிகளை முதலில் எழுதுங்கள். பின்பு நீங்களும் உங்கள் நண்பரும், ஒருவரை ஒருவர் கலக்காமல், ஒவ்வொரு கடிதத்தையும் குறியிடுங்கள். நீங்கள் இருவரும் வேறுபட்ட கடிதங்களைத் தனியே எடுத்து வைத்து, ஏன் வேறுபட்டோம் என்று உட்கார்ந்து பேசுங்கள். கடிதம் எழுதாதவர்கள் யார் யார் என்றும் ஒரு பட்டியல் இடுங்கள். அந்தப் பேச்சிலும் அந்தப் பட்டியலிலும் நீங்கள் கற்பதை எந்தக் கணிப்பொறியும் உங்களுக்குக் கற்பிக்க இயலாது.

எண்ணுதல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்றேன். முதற்பொருளில் எண்ணுவதைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கலாம். நம்மைவிட விரைவாகவும் களைப்பின்றியும் அது எண்ணும். இரண்டாம் பொருளில் எண்ணும் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கலாகாது.